சாரம்

ஆறு குழிகள் உள்ள தட்டில்
குழிக்கு ஒரு கோடு கிழித்தேன்,
மஞ்சள் பிப்பெட் முனையால், மூச்சை அடக்கி.
காயம் கோணலாக இருந்தால்
தைமி கணக்கில் சேர்க்க மாட்டாள்.

துர்க்கு நகரில் பிப்ரவரி.
ஔரா ஆறு உறைந்து கிடக்கிறது.
வெளியே கழித்தல் இருபத்தொன்று.
நுண்ணோக்கிக் கூண்டுக்குள் முப்பத்தேழு.
இந்தக் கட்டடத்தில் கோட்டு போடாமல் இருப்பவை
செல்கள் மட்டும்தான்.

வளர்ச்சிக் காரணியை ஊற்றினோம்.
நானோகிராம் கணக்கு; கண்ணுக்கு வெறும் தண்ணீர்.
செல்லின் தோலில் நிற்கும் ஏற்பி
அதைப் பிடித்துக்கொண்டது.
வாசலுக்கு வந்துவிட்டது செய்தி.
வாசலுக்கு வந்ததெல்லாம்
வீட்டுக்குள் வந்ததாகாது.

உள்ளே மூன்று பேர்.
முதலாமவர் தட்டினால் இரண்டாமவர் விழிப்பார்,
இரண்டாமவர் தட்டினால் மூன்றாமவர்.
சந்தை நெரிசலில் ஆளுக்கொரு மூலையில்
தொலைந்து கிடக்கும் அந்த மூவரையும்
ஒரே பலகையில் அருகருகே இருத்துகிறது
நீளமான ஒரு புரதம்.
தானாக யாரையும் தட்டாது.
எட்டும் தூரத்தில் வைக்கும், அவ்வளவுதான்.
அதன் மறுமுனை
செல்லின் முன்விளிம்பில்
ஆக்டின் இழையைப் பற்றியிருக்கும்.
கேட்ட காதுக்கும் நடக்கிற காலுக்கும் நடுவே
இப்படி ஒன்று.

சாரம்:
சுவருக்கு வெளியே கட்டுவது.
சொல்லுக்கு உள்ளே கிடப்பது.

ஜன்னலுக்கு வெளியே நிஜமான சாரம்.
வெள்ளை பிளாஸ்டிக் போர்வைக்குள்
எஸ்தோனியாவிலிருந்து வந்த ராய்வோவின் ஆட்கள்
இரும்புக் குழாய்களை
ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஏற்றுகிறார்கள்.
யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.
குழாய் வரும் இடத்தில்
கை ஏற்கெனவே இருக்கிறது.

முதல் இரண்டு குழிகள், இயல்பான செல்கள்.
பதினெட்டு மணி நேரத்தில்
இரு கரைகளும் ஒன்றையொன்று தொட்டன.
தொட்டதும் நின்றன.

அடுத்த இரண்டில் அந்தப் புரதத்தை எடுத்துவிட்டோம்.
காரணி அதே காரணி, ஏற்பி அதே ஏற்பி.
ஒரு செல்லையே இரவு முழுக்கப் பார்த்தேன்.
நான்கு பக்கமும் சவ்வைச் சுருட்டிச் சுருட்டி விரித்தது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டும்
திசை கேட்காத பிள்ளை மாதிரி
நின்ற இடத்திலேயே சுற்றியது.

கடைசி இரண்டில் அதே புரதத்தைப்
பல மடங்கு கூட்டினோம்.
இவை ஓடும் என்று தைமி ஒரு காப்பி பந்தயம் கட்டினாள்.
ஓடவில்லை.
தட்டுவாரில்லாமல் மங்கிப்போயிருந்தது செய்தி.
தவறு என்னுடையதென்று நினைத்து
மறுபடி கிழித்தேன், மறுபடி ஊற்றினேன்.
மூன்று வாரம். அதே மந்தம்.

வியாழக்கிழமை. கேன்டீனில் பட்டாணி சூப்.
பார்வையாளர் நாள் என்று கூடத்தில்
நாற்பது மேசை அதிகம் போட்டிருந்தார்கள்.
கடுகு ஜாடி ஒரு மேசையில்,
கரண்டிகள் இன்னொன்றில்,
தட்டில் சூப்போடு நான் மூன்றாவதில்.
யாருக்கும் பக்கத்தில் யாரும் இல்லை.
தூரத்தில் தைமி கடுகு ஜாடியை
உயர்த்திக் காட்டினாள்.
பிறகு அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டாள்.

பலகை குறைந்தால் மூவரும் சேர்வதில்லை.
மிஞ்சினாலும் சேர்வதில்லை:
ஆளுக்கொரு பலகை, பக்கத்து இடம் காலி.

அன்று மாலை அவள் அளவை இறக்கத் தொடங்கினாள்.
பாதி. கால். அதிலும் பாதி.
ஏழாவது முயற்சியில் ஓரம் அசைந்தது;
அசைந்ததா, அசையப் பார்த்தோமா,
இன்னும் அவள் உறுதியாகச் சொல்லவில்லை.

ஏப்ரலில் ராய்வோவின் ஆட்கள் சாரத்தைப் பிரித்தார்கள்.
புதுச் சுவர் வெயிலில் கண் கூசியது.
வேலை முடிந்ததும் விலகுகிற அந்த மரியாதை
செல்லுக்குள் கிடையாது.
அங்கே சுவர் நடந்துகொண்டே இருக்கிறது,
சாரமும் கூடவே.

சுற்றிக்கொண்டிருந்த அந்த ஒற்றைச் செல்லின்
படச்சுருளை நான் இன்னும் அழிக்கவில்லை.
நாளை ஊடகம் மாற்ற வேண்டும்.
மஞ்சள் முனைகள் தீரப்போகின்றன,
இரண்டு பெட்டி எழுதிவைத்தேன்.