தண்ணீர் ஆறுவதற்குள்

ஞாயிறு மத்தியானம் வரை நன்றாகத்தான் இருந்தாள்.
இப்போது துணி துவைக்கும் கல்லுக்கு அடியில்
வாலைத் தாழ்த்தி, இறகு உப்பி,
வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள் மைலோ.
மகள் வைத்த பெயர். நிறம் அப்படி.

தாப்பா கால்நடை அலுவலகம் திங்கள்தான் திறக்கும்.
சிங்கப்பூரிலிருந்து மகள், "அழாதீங்கப்பா" என்றாள்.
நான் அழவில்லை. மில் புகை.
பின்னாலிருந்து மருமகன்:
"பாசார்ல பதினெட்டு வெள்ளிதான் மாமா."

வேலி தாண்டி வந்த காக் சைத்தோன்
அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து
"தெலோர் சங்கூட்" என்றாள்.
முட்டை சிக்கிக்கொண்டதாம்.
சுடுதண்ணியில் உட்கார வை,
கை பொறுக்கிற சூடு, ஒரு பிடி உப்பு,
பிடித்துக்கொண்டே இரு.

பிடித்துக்கொண்டே இருந்தேன்.
இருபத்தெட்டு வருஷம்
செம்பனைக் குலையைக் கம்பியால் குத்தி
லாரிமேல் எறிந்த கை.
இரண்டு கிலோ உயிரை
அழுத்தாமலும் விடாமலும் வைத்திருக்க
எந்த மண்டோரும் சொல்லித் தந்ததில்லை.
விரலுக்குள் முறிந்து கிடக்கும் பழைய முள்தான்
ஈர இறகுக்குள் அவள் நெஞ்சு அடிப்பதை
எனக்கு முன்னால் கேட்டது.

தண்ணீர் ஆற ஆற
விமலேஸ் கெட்டிலோடு வந்து ஊற்றினாள்.
மூன்றாவது தடவை
ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
"யோகேஸ் பொறந்தப்ப எங்க இருந்தீங்க?"

ஓவர்டைம். அது அவளுக்குத் தெரியும்.
ஓவர்டைம் முடிந்து எங்கே போனேன் என்பதும் தெரியும்.
நான் கோழியைப் பார்த்தேன்.
கோழி யாரையும் பார்க்கவில்லை.
கண்மேல் வெள்ளைத் தோல் மூடித் திறந்தது.

சமையல் எண்ணெய் தொட்ட விரல்.
"மெதுவா" என்றாள் விமலேஸ்.
"மெதுவா, மெதுவா."
எனக்கா, அதுக்கா?

மில் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு
பேசின் அடியில் வந்து விழுந்தது,
ஓடில்லாத முட்டை.
வெறும் தோல். உள்ளே மஞ்சள் அசைந்தது.
மைலோ ஒரு உதறு உதறினாள்,
சுவரெல்லாம் தண்ணீர்.

துண்டில் சுற்றி
பல்புக்குக் கீழே வைத்தோம்.
இந்த ராத்திரி தாண்டணும், என்றாள் காக்.

விமலேஸ் கெட்டிலை ஆட்டிப் பார்த்தாள்.
மிச்சத் தண்ணியில் தேத்தண்ணி கலக்கி
நின்றபடியே குடித்தாள்.
ஒரு கப்தான் இருந்தது.

"பேசினை நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க.
நாளைக்கு உங்க சட்டை
அதுலதான் ஊறணும்."