கிராண்டில் மூன்றாவது பெயர்

சத்ரியா ஜிடிஐ. ஆயிரத்தெண்ணூறு சிசி.
கிராண்டில் மூன்றாவது பெயர் என்னுடையது.
செம்பனை ஆலை எடைமேடையில்
லோரிகளை நிறுத்து நிறுத்துச் சேர்த்த காசு.

வாங்கிய வாரமே தெரிந்துவிட்டது
இது காடியல்ல, புகார்ப் பெட்டி.
காலையில் எஞ்சின் மூச்சிரைக்கும்;
திராட்டலைக் கழற்றிப்
பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். அடங்கியது.
டேஷ்போர்டின் கிறீச்சுக்குத்
தங்கையின் பள்ளிச் சீருடையைக் கிழித்துத் திணித்தேன்.
இரண்டாவது கியர் இன்னும் முறைக்கிறது,
கெஞ்சினால் விழும்.

இடது கண்ணாடி
மழை வந்தால் தானே இறங்கும்.
அதற்கு ஆறு வாரம்,
பொட்டோங் கடையில் நாற்பது ரிங்கிட்,
ஒரு நகம்.

நேற்று ஊத்தான் மெலிந்தாங் பெட்ரோல் நிலையத்தில்
தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டபடி
ஒருவர் வந்து நின்றார்.
பார்த்தது என்னையல்ல, காடியை.
குகதாசன். கிராண்டில் இரண்டாவது பெயர்.

"இடப்பக்கக் கண்ணாடி இன்னும் விழுதா?"
"சரி பண்ணிட்டேன்."
"எப்படி?"
சொன்னேன்.
"அஞ்சு வருஷம்
மைலோ அட்டைய மடிச்சு சொருகி ஓட்டினேன்"
என்றார், பிள்ளையை மறு தோளுக்கு மாற்றி.

நாலடி போய்த் திரும்பினார்.
"எண்பதுக்கு மேல பின்னால ஒரு சத்தம் வருமே,
அத மட்டும் விட்டுடும்மா."
ஏன் என்று கேட்பதற்குள்
பம்பு டக்கென்று நின்றது.

சனிக்கிழமை
பின் சீட்டைக் கழற்றப் போகிறேன்.
பத்தாம் நம்பர் ஸ்பேனரைத்தான்
காணவில்லை.