மாதிரி பதினான்கு

நானும் ஷஹாப்தீனும் ஆறு மாதம்
காய்ச்சி, வடித்து, உலரவிட்டு
ஒரு மூலக்கூறு செய்தோம்.
நண்டு காலை மடக்கியது போல அதன் நடு.
ஈயம் வந்து உட்காருவதற்கான இடம் அது.

ஊதாக் கதிர் விளக்கின் கீழ்
சும்மா இருந்தால் பச்சையாய் எரியும்.
ஈயம் தொட்டால் அணையும்.
அது பதில் சொல்வது இருட்டினால்.

பாலையூற்றில் பற்றரிக் கடைக்குப் பின்வளவு.
கிணற்றடியில் பிளந்த பெட்டிகள்,
கறுத்த தகடுகள்,
எல்லாவற்றின் மேலும் பூசணி படர்ந்து பூத்திருந்தது.
"கம்பஸ் ஆக்கள் வருவினமெண்டு
ராவே அள்ளி வச்சிட்டன்,"
மூடியைத் திறந்து போத்தலை நிரப்பித் தந்தார்
கேதாரகௌரி.
தேத்தண்ணியும் தந்தார்.

இரவு, ஆய்வுகூட யன்னலில்
நிலாவெளிப் பக்கத்துத் தோணி விளக்குகள்.
மேசையில் பதின்மூன்று குப்பிகள் பச்சை.
பதினான்காவது
கண் மூடிக்கொண்டது.
ஷஹாப்தீன் மேசையைத் தட்டினான்.
நானும் சிரித்தேன்.
ஒரு வீட்டுக் கிணறு நஞ்சு என்று
தெரியவந்த நேரம் அது,
நாங்கள் சிரித்தோம்.

படுத்தபின்தான்
குடித்த தேத்தண்ணி ஞாபகம் வந்தது.
அதற்குப் பிறகு, குறிப்புக் கொப்பியில்
நான் வெறுமையாய் விட்ட கட்டம்:
பாத்திரம்.

புளி போட்டு மினுக்கிய செம்பு.
விருந்தாளிக்கென்று ராமுழுக்க
எங்களுக்காக நீர் காத்திருந்தது அதில்.
உலோகத்துக்கும் அதே பெயர்,
ஏந்துகிற வாய்க்கும் அதே பெயர்.
மொழிக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை.
எங்கள் மூலக்கூறுதான் பாவம்,
ஈயத்துக்கென்று வைத்த கதிரையில்
செம்பை உட்காரவைத்துவிட்டது.

மறுநாள் முதல் பஸ்.
பிளாஸ்டிக் போத்தலில் கல்லைக் கட்டி
நேரே கிணற்றில் இறக்கினேன்.
"செம்பில என்ன குறை கண்டனீர்?"
முகம் சற்றே வாடியிருந்தது.

இம்முறை அணையவில்லை.
முழுதாக எரியவும் இல்லை.
வரைகோட்டில் வைத்துப் பார்த்தால்
எட்டு தசம் ஏழு.
எல்லை பத்து.

"அப்ப குடிக்கலாமோ, பிள்ளை?"

பத்துக்கும் எட்டு தசம் ஏழுக்கும் இடையில்
எவ்வளவு இடம் இருக்கிறது,
ஒரு குடும்பம் நின்று தண்ணீர் குடிக்க?
எனக்குத் தெரியவில்லை.
மாரிக்கு முன் பெட்டிகளை எடுக்கவேண்டும் என்றேன்.

பூசணிக் கொடியைத் தூக்கிப் பிடித்தான் ஷஹாப்தீன்.
ஒவ்வொன்றாக ஒழுங்கைக்கு இழுத்தோம்.
பின்னேரம், எங்கள் கறுத்த கைகளுக்கு
அந்தக் கிணற்றிலேயே அள்ளி
செம்பால் ஊற்றினார்.