வெறுந்தட்டு

மில்வாக்கியில், ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
டயர்க் கடைக்கும் மூடிப்போன வங்கிக்கும் நடுவே
தராசுகளைச் சரிபார்க்கும் தொழில் எனக்கு.
மளிகைக்கடைத் தராசு, மீன்கடைத் தராசு,
லாரியே ஏறி நிற்கும் தராசு.
என்னோடு சேர்த்து மூன்று பேர். நான்காவது நாற்காலிக்கு
ஒரு கால் குட்டை; அட்டையை மடித்துச் செருகியிருந்தேன்.

பாக்கூ வாங் அதில்தான் வந்து உட்கார்ந்தாள்.
கணக்கியல், மூன்றாம் ஆண்டு. அவள் வீட்டில்
கல்லூரிப் படி மிதித்தவர் அவளுக்கு முன் யாருமில்லை.
இன்டர்ன்ஷிப், மணிக்குப் பதினேழு டாலர் என்றேன்.
"சம்பளமா?" என்று மறுபடி கேட்டாள்.
ஏரிக்கரையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில்
அனுபவம் தருகிறோம் என்றார்களாம்.
இரண்டு பஸ் மாறிப் போகிற இடம்.
உண்டியலில் அனுபவத்தைப் போட்டால்
டிரைவர் இறக்கிவிடுவார். போகவில்லை.

அந்தக் கட்டடம் எனக்கும் தெரியும்.
இருபது வயதில் ஒரு கோடை முழுக்க
பகலில் அங்கே சும்மா உழைத்துவிட்டு
இரவில் ஆஸ்பத்திரித் துணி மடித்தேன்.
டெல்ஃபீன் என்ற என்னைக் கடைசி நாள் வரை
டோரீன் என்றே கூப்பிட்டார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
வழிகாட்டல், வாரம் ஒரு மணி நேரம்.
முதல் வெள்ளியன்று என்ன பேசுவதென்று தெரியாமல்
எடைக்கல் பெட்டியைத் திறந்து காட்டினேன்.
வெறுங்கையால் தொடாதே, விரலின் எண்ணெயும் எடைதான்.
வெறுந்தட்டு முதலில் பூஜ்யம் காட்டட்டும்,
மற்றதெல்லாம் பிறகு.
எழுதிக்கொண்டாள். அதற்குமேல் என்னிடம் சரக்கில்லை.
மீதி முக்கால் மணியும்
என் கடன் விண்ணப்பத்தை வங்கிகள்
என்னென்ன மரியாதையான சொற்களில் மறுத்தன என்று
வாசித்து வாசித்துச் சிரித்தோம்.

நான்காம் வாரம் சம்பளக் கணக்கை அவளிடம் கொடுத்தேன்.
கொடுத்திருக்கக் கூடாது.
கொடுத்ததும் நல்லதுதானோ, இன்னும் தெரியவில்லை.
ஒஸ்வால்டோவுக்கு இவ்வளவு, டாரெல்லுக்கு இவ்வளவு,
அவளுக்கு வாரம் முந்நூற்று நாற்பது.
என் பெயருக்கு நேரே
ஜனவரியில் பூஜ்யம். பிப்ரவரியில். மார்ச்சில்.
பென்சில் முனை அங்கே நின்றது.
"இது தப்பா விழுந்திருக்கா?"
"இல்லை."
"அப்போ என் சம்பளம்…"
"அது உன்னுடையது. அதையும் வெறுங்கையால் தொடாதே."
ஹீட்டர் உறுமியது. வேறெதுவும் பேசவில்லை.

மறுநாள் எனக்கு முன்னால் வந்திருந்தாள்.
தொண்ணூறு நாள் தாண்டிய பாக்கிகள்
மஞ்சள் தாளில், பெரியதிலிருந்து சிறியதுவரை.
கேட்கக் கூச்சப்பட்டு நான் விட்டுவைத்த பெயர்கள்:
சர்ச்சில் பக்கத்து வரிசை,
என் மைத்துனன் சீட்டாடுகிற ஆள்.
அவளுக்கு அவர்கள் யாருமில்லை.
போனை எடுத்தாள்.
மின்சார ஆபீஸ், பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் என்று
எட்டு வயதிலிருந்து
அம்மாவுக்காக ஆங்கிலம் பேசிய வாய் அது.
காத்திருங்கள் என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போகிறவர்களை
அது நன்றாக அறியும்.
ஒரு இறைச்சிக் கிடங்கு, நாற்பத்து மூன்று நிமிடம்.
வைத்துவிடு என்று மூன்று முறை கை காட்டினேன்.
முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் நாலாயிரத்து நூற்றிருபது வந்தது.
முழுசும் இல்லை. மீன்கடைக்காரர்
இன்னும் கடைக்குப் பின்பக்கமாகவே வெளியே போகிறார்.
அவள் எனக்கொரு காசோலை அச்சடித்து வைத்திருந்தாள்,
கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு:
இருபது மணி நேரம், மணிக்குப் பதினேழு.
"அறுபது மணி நேரம் உழைக்கிறேனே!" என்றேன்.
"பயிற்சிக் காலம்" என்றாள் பாக்கூ,
சிரிக்காமல்,
மீன்கடை எண்ணை அழுத்தியபடி.