மருந்து ஸ்டோர் இருந்த இடம்

ஏழாங்கட்டையில் இறங்கி
செம்பனை லாரிகள் திரும்பும் சடக்கைத் தாண்டினால்
மஞ்சள் நாடா கட்டிய ஒன்றரை ஏக்கர்.
இரண்டு வருசமாக அதற்குக் காவல் நான்.
காவல் என்றால்
ஆடு உள்ளே வராமலும்
உள்ளே விழுந்த பந்து வெளியே போகாமலும்
பார்த்துக்கொள்வது.
இதுவரை பதினொரு பந்து.
ஒவ்வொன்றிலும் எண் எழுதி
பீப்பாயில் போட்டு மூடியிருக்கிறேன்.

இங்கேதான் மருந்து ஸ்டோர்.
லாலானுக்கு மருந்து, கரையானுக்கு மருந்து,
பால் வற்றிய மரத்தை நின்றபடி சாகடிக்க
பட்டையைச் சுற்றிப் பூசும் மருந்து.
எங்கள் வாயில் அதற்கு வேறு பெயர் கிடையாது.
கிராணியின் பேரேட்டிலும் அதே சொல்தான்.
அம்மா முதுகில் பம்பு கட்டி அடித்தது மருந்து.
அவள் உள்ளங்கையில் அரிசி அரிசியாய்த் தடித்தபோது
ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் மருந்து.

மண்ணை நாற்பத்தாறு குப்பியில்
அள்ளிப்போன ஹஃபீஸா
மூன்று மாதம் கழித்து வந்து
சமூக மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினாள்.
ஆர்செனிக் என்றாள்.
சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கட்டங்கள்.
தலையாட்டிக்கொண்டிருந்தோம்.
கடைசி வரிசையிலிருந்து பெருமாயி அக்கா கேட்டார்:
"பாஷாணமா?"
அப்புறம் எல்லாரும்
அவரவர் செருப்பைப் பார்த்தோம்.

கிழக்குப் பாதியை ஆள் உயரம் தோண்டி
அள்ளிப்போய், வேறு மண் கொட்டினார்கள்.
மேற்குப் பாதிக்குக் காசு வரவில்லை.
பெரணி நட்டார்கள்.
வேரால் உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளுமாம்,
எவ்வளவு உறிஞ்சினாலும் சாகாதாம்.
"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்றாரு"
என்றாள் தவமலர்.
அன்றைக்கு அதிகம் சிரித்தவள் அவள்தான்.

ஒரு ஞாயிறு, மழை விட்ட நேரம்.
சுமார்னி, ஆலைக் குடியிருப்புப் பெண்,
நாடாவுக்குக் கீழே குனிந்து வந்து
கறிக்கு ஆகும் என்று
சுருள் கொழுந்தாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.
ஓடினேன். கத்தினேன்.
அவசரத்தில் அவள் பாஷையில் எனக்கு வந்தது
ஒரே ஒரு சொல்:
ஊபாட்! ஊபாட்!
மருந்தா, என்று முகம் மலர்ந்து
இன்னும் ஒரு கை கிள்ளினாள்.
ராச்சுன் என்ற சொல் வருவதற்குள்
அவள் மடி நிறைந்துவிட்டது.
கையைத் தட்டி உதறினேன்.
என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.
இரண்டு பேரும் பைப்படியில் நின்று
சோப்புக் கட்டி பாதியாகும்வரை கழுவினோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரணியை அறுத்து
மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவார்கள்.
எங்கே போகிறது என்று டிரைவர் கியான் ஹோவைக் கேட்டேன்.
தெற்கே, மலையடியில் ஒரு குழி,
கறுப்பு விரிப்புப் போட்டது என்றான்.
பக்கத்தில் வீடு இருக்கா?
ஸ்டார்ட் பண்ணிவிட்டு
"எங்கேதான் வீடு இல்லை" என்றான்.

போன மாதம் கிழக்குப் பாதியைத் திறந்தார்கள்.
ரிப்பன், ரொட்டி, மைக்கில் அரை மணி நேரப் பேச்சு.
அறிக்கையில் மேற்குப் பாதி
சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்திருக்கிறது.
மஞ்சளாக இன்னும் எட்டு வருசம்,
மழையைப் பொறுத்து.
பையன்கள் கேட்கவில்லை, ஆடத் தொடங்கிவிட்டார்கள்.
கபிலேஷ் அடித்த பந்து
கோலுக்கு மேலே, நாடாவுக்கு மேலே எழும்பி
பெரணிக்குள் விழுந்தது.

இருபத்திரண்டு பேரும்
என்னைப் பார்த்து நின்றார்கள்.

பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு போனேன்.
புதுப் பந்து. ஒட்டிய விலைச் சீட்டுகூடக் கிழியவில்லை.
பேனாவை எடுத்து
பன்னிரண்டு என்று எழுதினேன்.