அதில் சேர்த்தது

லத்தேரி ஆலையில்
மாம்பழத் தயிர்க் கிண்ணத்துக்கு மூடி ஒட்டுகிறேன்.
ஒரு ஷிப்டுக்கு எத்தனை என்று
மெஷினுக்குத் தெரியும்.
எனக்குத் தெரிவது
முழங்கை வலிக்கத் தொடங்கும் நேரம்.

பங்குனியில் மூடியில் ஒரு வரி கூடியது.
மொத்தச் சர்க்கரை பதினாலு கிராம்.
அதன் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி,
பொடி எழுத்தில்:
அதில் சேர்த்தது பத்து.

"மீதி நாலு யாரு போட்டது?" என்றேன்.
டெஸ்ட் ரூம் நஸ்ரின்,
குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்,
ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி சொன்னாள்:
"யாரும் போடலக்கா. மாடு குடுத்தது."

அதுவரை
பாலில் சர்க்கரை என்றால் எனக்கு
டம்ளரில் ஸ்பூன் இடிக்கும் சத்தம்தான்.

"மாம்பழம் எங்கடி?"
"வாசனையில கீதுக்கா."

ஷிப்டு முடிந்து சைதாப்பேட்டைக்குத் திரும்புகையில்
பாலத்துக்குக் கீழே மணல், முள், ஒரு கிரிக்கெட் ஆட்டம்.
பாலாறு என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.
மேலே எழுதியது எல்லாம்
உள்ளே இருக்க வேண்டும் என்று
இதற்கு யாரும் சட்டம் போடவில்லை.

அதே வாரம் ஆலைக்கு முகாம் வந்தது.
விரல் நுனியில் ஒரு குத்து.
வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு.
சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு
சாயங்காலம் வரை மூடி ஒட்டினேன்.

அந்த எண்ணுக்குக் கீழே
உள்ளே தள்ளி எழுதிய வரி இல்லை.
அப்பா ரத்தத்திலிருந்து வந்தது இவ்வளவு,
நைட் ஷிப்டில் கண் சொருகாமலிருக்கக் குடித்த டீ இவ்வளவு,
மாணிக்கவேலு போன பிறகு
ஒரு தட்டு மட்டும் போட்டு உட்காரப் பிடிக்காமல்
பேக்கரி வாசலில் நின்றபடியே தின்ற
தேங்காய் பன் இவ்வளவு
என்று
யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

அடுக்கம்பாறையில் டாக்டரம்மா
சீட்டிலிருந்து நிமிராமல்
"சர்க்கரைய நிறுத்துங்க" என்றார்.
"எந்தச் சர்க்கரை?"
எனக்குப் பின்னால் வரிசை ஒருமுறை இருமியது.
"இனிக்கிறது எல்லாம்."

வீட்டில் அரை லிட்டர் பாலுக்கு உறை ஊற்றினேன்.
நஸ்ரின் சொல்லியிருந்தாள்,
ராத்திரி முழுக்க அதுங்க தின்னும்க்கா,
பாலோட இனிப்பத் தின்னுட்டுத்தான் தயிர் புளிக்குது,
அந்தப் புளிப்பு தெரியக் கூடாதுன்னு
நாம பத்து கொட்றோம்.

விடிந்ததும் கரண்டியால் ஓர் ஓரம் எடுத்தேன்.
ஒன்றும் போடவில்லை, உப்புகூட.
முதல் வாயில் முகம் சுளித்தது.
மூன்றாவதில்
நாக்கின் அடியில், வெகு நேரம் கழித்து,
ஏதோ ஒன்று.
இனிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.
மாடு கொடுத்ததில்
தின்றது போக மீந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
மாத்திரை வாங்க நின்றிருந்தேன்.
வங்காளத்து ஆள் ஒருவர்,
லாட்ஜ் சாவி விரலில் தொங்க,
மொட்டை போட்ட பெண் குழந்தைக்கு
தயிர் கேட்டுக்கொண்டிருந்தார்.
கடைக்காரன் எங்கள் கிண்ணத்தை நீட்டினான்.
அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எழுத்து புரியாதவர்
எண்களிடம் நம்பிக்கையோடு போனார்.
அவர் நகம் பதினாலில் நின்றது,
பத்தில் நின்றது,
பிறகு குழந்தையின் முகத்தில் அவர் கண் நின்றது.
ரெண்டு வாங்கினார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது.
எந்தப் பாஷையில்?
எத்தனை நாள் கழித்து அது
எதையாவது ஆசையாய்க் கேட்டதோ?

என்னை அறியாமல்
இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருக்கிறேன்.
பத்து.

குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்தது.
கிண்ணத்தை அப்பாவிடம் தள்ளிவிட்டு
தானும் இரண்டு கையைத் தூக்கிக் காட்டியது.
ஊசிக்கு மேல் பிளாஸ்திரி சுற்றியிருந்ததில்
ஒன்பதுதான் விரிந்தது.