நாயைப் பிடியுங்கள்

வண்டியை அணைத்துவிட்டுத் தொலைவிலிருந்தே கத்தினேன்,
"நாயைப் பிடியுங்கள்!"
கோபிப் பக்கம் அதுதான் வணக்கம்.
நாயே இல்லாத கூடாரத்திலும்
அதைத்தான் சொல்வோம்.

சோய்தோக் வெளியே வந்தார்,
ஒரு கையில் பால்வாளி.
மற்றக் கை தானாகத் தாழ்ந்து
முழங்காலுக்குச் சற்று மேலே
காற்றின் பிடரியை இறுக்கிக்கொண்டது.

ஓநாய்கள் வந்த இரவைப் பற்றி
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
எழுபத்தொரு செம்மறிகளுக்கு ஊசி போட்டேன்.
போன வருடக் கணக்கில்
ஒன்றுகூடக் குறையவில்லை.

உப்புத் தேநீர்.
கொஞ்சம் மழைப் பேச்சு.
கிளம்பும்போது
"இரு" என்று முன்னால் போய்
மறுபடி குனிந்து நின்றார்.

அவருடைய இடப்பக்கம்
ஒரு நாயளவு இடம் விட்டு,
சுற்றிப் போய் வண்டியேறினேன்.